காசாம்புவைத் திருத்துதல்

ஒரு ரூபாய் நாணயத்தில் கதிர்க்கட்டை அணைத்தபடி சிரிக்கும் பெண்ணை நாணயச்சாலையின் இரண்டாம் மாடியில் வைத்திருந்தார்கள். அவள் பெயர் காசாம்பு. அறையில் ஒரு முக்காலி, ஒரு மின்விசிறி, ஒரு கதிர்க்கட்டு. நாணயம் புழக்கத்தில் இருக்கும்வரை அசல் ஆள் கைவசம் இருக்க வேண்டும் என்பது விதி. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா.

இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. ஐந்து ரூபாயில் இருந்த சிங்கம் மொட்டைமாடியில் இருந்தது. ஐம்பது காசில் இருந்த பாய்மரக் கப்பல் கேண்டீனுக்குப் பின்னால் நின்றது. அதன் மாலுமிகள் சாப்பாட்டு வரிசையில் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றுகொள்வார்கள். ஊழியர்கள் முணுமுணுத்தது அதற்கு மட்டும்தான்.

காசாம்புவின் முகத்தைச் செதுக்கியவள் தையல்நாயகி. ஓவியக் கல்லூரியை முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்தவள். தொடக்கத்தில் அவளுக்கு எண்களை மட்டும் கொடுத்தார்கள். 'ஒன்று' என்ற எண்ணையே செதுக்கிச் செதுக்கி இளமை பாதி போயிற்று. பிறகு எழுத்துகள். பிறகு கப்பலின் கயிறுகள். கடைசியில்தான் ஒரு முகம் கிடைத்தது.

அதை அவள் நன்றாகச் செய்தாள். நன்றாகச் செய்ததுதான் வினையாகிவிட்டது. சுமாராகச் செய்திருந்தால் நாணயத்தைச் சீக்கிரம் திரும்பப் பெற்றிருப்பார்கள். காசாம்புவும் வீட்டுக்குப் போயிருப்பாள்.

காசாம்பு பேருந்து நிலையத்தில் கீரை விற்றுக்கொண்டிருந்தவள். ஜீப்பில் வந்தவர்கள் பெயரைக் கேட்டார்கள். சொன்னாள். "பேர்லயே காசு இருக்குதே" என்று சொல்லி ஏற்றிக்கொண்டார்கள். இரண்டு நாள் வேலை, சாப்பாடு உண்டு என்றார்கள். அன்றைக்கு அவளுடைய கைக்குழந்தை பக்கத்து வீட்டுத் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் குழந்தை வளர்ந்து, கல்யாணமாகி, தானும் ஒரு பிள்ளை பெற்றுவிட்டதாகக் கேள்வி. இரண்டு நாள் இன்னும் முடியவில்லை.

கதிர்கள் காய்ந்தால் உடனே மாற்றிவிடுவார்கள். அதற்கென்று ஓர் அதிகாரி இருந்தார். ஒவ்வொரு அறுவடைக்கும் புதுக் கட்டு வரும். காசாம்புவை மாற்ற அதிகாரி இல்லை.

மாதம் ஒருமுறை ஒப்பீட்டு அதிகாரி கனகசபை வருவார். மெலிந்த மனிதர். பேச்சில் மரியாதை குறையாது. காசாம்புவைச் சிரிக்கச் சொல்வார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நாணயத்தை அவள் முகத்துக்கு நேராகப் பிடிப்பார். நாணயத்தைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார். "பொருந்துகிறது" என்பார். போய்விடுவார்.

ஆடி மாதம் வந்தபோது அவர் அப்படிச் சொல்லவில்லை. நாணயத்தை வேட்டி நுனியில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மற்ற கண்ணை மூடிப் பார்த்தார்.

"வேறுபாடு" என்றார்.

தையல்நாயகியை வரச் சொன்னார்கள். அவள் ஏப்ரனோடு வந்தாள்.

"நாயகி மேடம், கொஞ்சம் பாருங்க. கண்ணுக்குக் கீழ கோடு. நெத்தியில கோடு. முடி வெளுத்திருக்கு. மேல் வரிசையில ஒரு பல்லைக் காணோம்."

"வயசாகுது சார்."

"யாருக்கு?"

"காசாம்புவுக்கு."

கனகசபை நாணயத்தை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இதுக்கு ஆகலையே."

"அது எவர்சில்வர் சார்."

"அது சட்டம் மேடம். சட்டத்தை மாத்த முடியாது. அந்தம்மாவைத் திருத்துங்க."

"திருத்துறதுன்னா?"

"உங்க கிட்ட உளி இருக்கு. சாணைக்கல் இருக்கு. எங்க அதிகமா இருக்கோ அங்க எடுங்க. எங்க கம்மியோ அங்க வைங்க. எனக்கு எதுக்கு மேடம் தொழில் நுணுக்கம்? ஒப்பிடறது மட்டும்தான் என் வேலை."

காசாம்பு முக்காலியில் அமர்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யக்கா, இந்தாளு என்னா சொல்றாரு?"

"உன் மூஞ்சியைச் செதுக்கச் சொல்றாரு."

"இவரு மூஞ்சியச் செதுக்கேன் மொதல்ல."

"சிரிச்ச முகமா இருங்கம்மா" என்றார் கனகசபை. "கோபம் வேறுபாட்டை அதிகமாக்குது."

தையல்நாயகிக்குக் காது சுட்டது. கோபம் வந்தால் அவளுக்கு முதலில் காதுதான் சுடும். இத்தனை வருடமும் காதைக் கழுவிவிட்டு மறுபடி வேலைக்கு உட்கார்ந்துவிடுவாள். இன்றைக்குக் கழுவவில்லை. நேராக இயக்குநரைப் பார்க்கப் போனாள்.

இயக்குநரின் அறைக்குப் போகும் நடைபாதை, போகிறவர் என்ன காரணத்துக்காகப் போகிறாரோ அதைப் பொறுத்து நீளும். பொன்னாடை போர்த்தப் போகிறவர்களுக்கு நாலு எட்டில் கதவு வந்துவிடும். தையல்நாயகிக்கு வரவில்லை. அவள் நடந்தாள். சுவரின் வண்ணம் மாறியது. தரை ஓடுகள் பழைய காலத்து ஓடுகளாயின. ஊதிய உயர்வு கேட்கப் புறப்பட்டவர்கள் வழியிலேயே குடும்பமாகத் தங்கியிருந்தார்கள். கொடி கட்டித் துணி காயப் போட்டிருந்தார்கள். ஒரு பெண் அம்மியில் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ரொம்ப தூரமாம்மா?" என்று தையல்நாயகி கேட்டாள்.

"எங்க மாமனார் போயிட்டு வந்தாருங்க. அதுலேர்ந்து அவரு பேசறதில்ல. சட்னி தொட்டு ரெண்டு இட்லி சாப்பிட்டுப் போங்க."

"வேணாம். ஆறிடும்."

"இட்லியா?"

"கோபம்."

அந்தப் பெண் புரிந்துகொண்டு காலை ஒதுக்கி வழிவிட்டாள்.

கடைசியில் கதவு வந்தது. இயக்குநர் நல்ல உயரம். நாணயச்சாலையின் மேலிடத்தில் இருப்பவர்கள் அச்சு முறைப்படி பேசுவார்கள். அச்சில் இடம் வலமாக இருக்கும், மேடு பள்ளமாக இருக்கும். அவர்கள் பேச்சும் அப்படித்தான். வாழ்நாள் முழுக்க எழுத்துகளைத் திருப்பிப் போட்டே செதுக்கியவளுக்கு அது ஒன்றும் சிரமமில்லை.

"போய் வாருங்கள்" என்று இயக்குநர் வரவேற்றார்.

தையல்நாயகி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "காசாம்புவை வீட்டுக்கு அனுப்பணும் சார்."

"உடனே அனுப்பிடலாம்."

"அப்ப அனுப்ப மாட்டீங்க."

"சேச்சே."

"அவங்களுக்கு வயசாகுறது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியவே தெரியாது" என்றார் இயக்குநர் வருத்தத்தோடு.

"தெரிஞ்சும் திருத்தச் சொல்றீங்க. மனுஷ முகத்துல உளி வச்சா ரத்தம் வரும் சார்."

"வராது."

"அந்தம்மா கத்துவாங்க."

"சிரிப்பாங்க."

அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. தையல்நாயகி எழுந்தாள். காதிலிருந்து சூடு கழுத்துக்கு இறங்கியிருந்தது.

"நீங்க ரொம்ப நல்ல மனுஷன் சார். உங்க பிள்ளைகுட்டியெல்லாம் நல்லா இருக்கணும்" என்றாள்.

இயக்குநருக்கு முகம் செத்துவிட்டது. அவரும் அச்சு முறை தெரிந்தவர்.

"வாங்க, உட்காருங்க" என்று கையை ஆட்டி அவளை வெளியே அனுப்பினார்.

திரும்பி வரும்போது நடைபாதை நாலு எட்டுதான் இருந்தது.

இரண்டாம் மாடியில் கூட்டமாக இருந்தது. முக்காலியில் காசாம்பு சின்ன வயதில் இருந்தபடியே உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் கோடு இல்லை. பல் எல்லாம் இருந்தது. தையல்நாயகி திகைத்து நின்றுவிட்டாள். அவளுடைய கைக்குத் தெரிந்த முகம் அது. மூக்கின் நுனி, மேலுதட்டின் வளைவு, எல்லாம் அவள் இரும்பில் எடுத்தவை.

ஆனால் காசாம்பு மூலையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் இரண்டு கையையும் இரண்டு காவலர்கள் பிடித்திருந்தார்கள்.

"யக்கா! அது என் மவக்கா! செல்வராணி!"

நடந்தது இதுதான். செல்வராணி அம்மாவைப் பார்க்க வாசலுக்கு வந்திருக்கிறாள். வாயில் காவலர் அவளைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்துப் பார்த்தார். ஒரு ரூபாய் தப்பித்துப்போகிறது என்று விசில் ஊதிவிட்டார். மேலே கொண்டுவந்து கனகசபையிடம் காட்டினார்கள். அவர் ஒரு கண்ணை மூடினார்.

"பொருந்துகிறது" என்றார்.

"சார், இது வேற ஆளு" என்றாள் தையல்நாயகி.

"ஆள் வேறயா இருக்கலாம் மேடம். முகம் அதுதான். உங்களுக்கும் திருத்துற வேலை மிச்சம். கோச்சுக்கிட்டுப் போனீங்க, இப்ப சந்தோஷமா?"

"எனக்குப் பால் குடிக்கிற புள்ள இருக்குதுங்க" என்றாள் செல்வராணி. அவள் மடியில் கதிர்க்கட்டைத் திணித்திருந்தார்கள். அதை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் பிள்ளையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தாள். "தூளியில போட்டுட்டு வந்துக்கிறேன். பக்கத்து வீட்ல சொல்லிட்டு வந்தேன். அம்மாவப் பாத்துட்டு மூணு மணி பஸ்ஸுக்குப் போயிடுவேன்னு சொன்னேன்."

"சிரிச்ச முகமா இரும்மா" என்றார் கனகசபை.

"அப்ப காசாம்பு?" என்று கேட்டாள் தையல்நாயகி.

"தேய்ஞ்ச நாணயம் எங்க போகும்?"

"உருக்குப் பிரிவுக்கு."

"அசலும் அங்கதான்."

"அங்க என்ன செய்வாங்க?"

"தெரியலை மேடம். இதுவரைக்கும் அசல் யாரும் தேஞ்சதில்லை. உருக்குப் பிரிவுலயே கேட்டாங்க, என்ன சூடு வைக்கிறதுன்னு."

காசாம்பு காவலர்களின் கையைக் கடித்துவிட்டு ஓடிவந்தாள். மகள் மடியிலிருந்த கட்டைப் பிடுங்கிக் கனகசபையின் தலையிலும் தோளிலும் மாறி மாறி அடித்தாள். நெல்மணிகள் அறை முழுக்கத் தெறித்தன. கதிர் அதிகாரி குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்.

"எம் மவள விடுடா! எங்கிட்டேர்ந்து எடுத்தது பத்தாதாடா! நான் வந்தப்ப அது தாய்ப்பாலு குடிச்சுக்கிட்டிருந்திச்சிடா! அது நடந்தத நான் பாக்கல, அது பேசனத நான் கேக்கல. தெனம் சிரிச்சேனேடா உங்களுக்கு! எவனாவது ஒருத்தன் எதுக்குச் சிரிக்கிறேன்னு கேட்டீங்களாடா!"

கனகசபை அடியை வாங்கிக்கொண்டே நாணயத்தை உயர்த்திப் பிடித்தார். "பாருங்க மேடம். வேறுபாடு அதிகமாயிட்டே போகுது."

தையல்நாயகி திரும்பினாள். படியில் இறங்கினாள். அவள் உடம்பு முழுக்கச் சுட்டது. கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு போன இடமெல்லாம் பெயின்ட் உரிந்தது. பின்னால் வந்த துப்புரவுப் பணியாளர் அதைப் பெருக்கிக்கொண்டே வந்தார்.

அச்சு அறையில் தாய் அச்சு இருந்தது. தாய் அச்சில்தான் முகம் நேராக, மேடாக இருக்கும். அதிலிருந்து குழி அச்சுகளை எடுப்பார்கள். குழி அச்சுகள் நாணயங்களை அடிக்கும். அவை தேய்ந்தால் மறுபடி தாயிடம் வருவார்கள். நாட்டிலுள்ள எல்லா ஒரு ரூபாய்க்கும் இது ஒன்றுதான் மூலம்.

அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

கோடுகளைச் செதுக்கிவிடலாம். நெற்றியில் இரண்டு, கண்ணுக்குக் கீழே மூன்று. ஒரு பல்லை எடுத்துவிடலாம். மகள் தப்பிப்பாள். ஆனால் அம்மா பொருந்திவிடுவாள். பொருந்தினால் உட்கார வேண்டியதுதான். கோடு விழ விழச் செதுக்க வேண்டியதுதான். காசாம்பு கட்டையில் போகும்வரை தானும் கூடவே உட்கார்ந்து செதுக்க வேண்டும்.

முகத்தை மொத்தமாக எடுத்துவிடலாம். அப்போது இரண்டு பேருமே பொருந்தமாட்டார்கள். இரண்டு பேரையும் உருக்குப் பிரிவுக்கு அனுப்புவார்கள்.

அச்சை உடைத்துப் போடலாம். புதிதாக ஒன்று செய்யச் சொல்வார்கள். அவளிடம்தான் சொல்வார்கள்.

மேலே காசாம்பு கத்துவது கேட்டது. செல்வராணியும் கத்தத் தொடங்கியிருந்தாள். இரண்டு குரலும் ஒரே மாதிரி இருந்தன.

தையல்நாயகி அச்சைச் சாணையில் வைத்து அழுத்தினாள். முதலில் மூக்கு போயிற்று. பிறகு கன்னம். பிறகு அந்தச் சிரிப்பு. அவள் வாழ்க்கையிலேயே உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான். தீப்பொறி பறந்து ஏப்ரனில் ஓட்டை விழுந்தது. வெறும் இரும்பு மிஞ்சியது.

பிறகு உளியை எடுத்தாள். இப்படி ஒரு வேலைக்கு மாதக்கணக்கில் ஆகும். அன்றைக்கு ஆகவில்லை. கோபம் பிடித்த கைக்கு இரும்பு வெல்லக்கட்டிபோல விட்டுக்கொடுத்தது. முதலில் ஒரு கொண்டையைச் செதுக்கினாள். கொண்டைக்குக் கீழே பிடரி. ரவிக்கையின் பின்பக்கம், முதுகுத்தண்டின் பள்ளம். முந்தானை காற்றில் கொஞ்சம் பறந்தது. ஒரு குதிகால் தரையில் இருந்தது, மற்றது எழும்பியிருந்தது. கை இரண்டும் வெறுங்கை. கதிர்க்கட்டு இல்லை.

தாய் அச்சிலிருந்து குழி அச்சு எடுத்து, அதை எந்திரத்தில் பொருத்தச் சொன்னாள். எந்திரக்காரர் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"மேடம், ஆளு அந்தப் பக்கம் திரும்பிப் போகுது."

"ஆமா."

"உத்தரவு உண்டா?"

"உண்டு."

"யாரு கொடுத்தது?"

"அச்சு."

எந்திரக்காரர் தலையாட்டினார். அச்சுக்கு மேலே அங்கே யாருமில்லை. விசையை அழுத்தினார்.

முதல் நாணயம் தட்டில் விழுந்தது. அந்தக் கணத்தில் நாட்டிலுள்ள எல்லா ஒரு ரூபாயிலும் அந்தப் பெண் திரும்பிக்கொண்டாள். தாய் மாறினால் பிள்ளைகள் மாறித்தானே ஆக வேண்டும். உண்டியல்களுக்குள் ஒரு சலசலப்புக் கேட்டது. கறிக்கடையில் மீதி கொடுத்துக்கொண்டிருந்தவர் ஒரு நொடி கையை நிறுத்தினார். பிறகு மீதியைக் கொடுத்தார்.

தையல்நாயகி மேலே வந்தபோது கனகசபை தன் நாணயத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலைமுடியில் வைக்கோல் ஒட்டியிருந்தது.

"மேடம்" என்றார். குரல் மெலிந்துபோயிருந்தது. "முகம் எங்க?"

"அந்தப் பக்கம்."

அவர் செல்வராணிக்கு நேராக நாணயத்தைப் பிடித்தார். "வேறுபாடு." காசாம்புவுக்கு நேராகப் பிடித்தார். "வேறுபாடு."

"அவங்களைத் திரும்பச் சொல்லுங்க சார்."

"திரும்புங்கம்மா."

காசாம்பு தையல்நாயகியைப் பார்த்தாள். தையல்நாயகி கண்ணை மூடித் திறந்தாள். காசாம்பு திரும்பினாள். வெளுத்த கொண்டைதான். ஆனால் இரும்பில் கருப்பும் வெளுப்பும் கிடையாது.

கனகசபையின் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. "பொருந்து..." என்றவர் நிறுத்தினார். "இல்லை. நீங்க நிக்கிறீங்க. காசுல நடக்கறாங்க."

"அப்ப நடக்கட்டுமே சார்."

"நடங்கம்மா."

"எங்க நடக்கறது?" என்று சுவரைப் பார்த்தபடி காசாம்பு கேட்டாள்.

"கதவு இருக்கு பாரு, அங்க" என்றாள் தையல்நாயகி.

காசாம்பு நடந்தாள். கையிலிருந்த கட்டு கீழே விழுந்தது. நாணயத்தில் கட்டு இல்லை, அதனால் யாரும் அதை எடுத்துக் கொடுக்க முடியவில்லை. அரசுச் சொத்து என்பதால் விட்டுவிட்டும் போக முடியவில்லை. கனகசபை அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். மறுகையில் நாணயத்தைப் பிடித்தபடி பின்னாலேயே போனார்.

"பொருந்துகிறது" என்றார் படிக்கட்டில். "பொருந்துகிறது" என்றார் முற்றத்தில்.

செல்வராணி எழுந்து ஓடினாள். அவளை யாரும் தடுக்கவில்லை. அவள் எந்த நாணயத்திலும் இல்லை.

வாசலில் காசாம்புவின் நடை தளர்ந்தது. "யக்கா, கூட வர்றியா?"

"பின்னாலதான் இருக்கேன்."

"கொஞ்சம் நிக்கட்டுமா? காலு மரத்துப் போச்சி. உக்காந்தே கெடந்த காலு."

"நிக்காதீங்க!" என்று கனகசபை அலறினார். "நின்னா வேறுபாடு!"

"இந்த நாயி எதுவரைக்கும் வரும் யக்கா?"

"காசு புழங்குற வரைக்கும்."

"வரட்டும். வீட்ல ரெண்டு மாடு இருக்குதாம். சாணி அள்ளட்டும்." பிறகு மெதுவாகக் கேட்டாள். "திரும்பி உன்னிய ஒரு தபா பாக்கக் கூடாதா?"

"திரும்பாத."

"போயிட்டு வரேன்னு சொல்ல மாட்டேன்."

"சொல்லாத."

"போறேன்" என்றாள் காசாம்பு.

மூணு மணி பஸ் நின்றது. காசாம்பு முன்வாசல் வழியாக ஏறினாள். பஸ் போவதும் நடைதான் என்று முணுமுணுத்தபடி கனகசபை கதிர்க்கட்டோடு பின்வாசல் வழியாக ஏறினார். கண்டக்டர் கட்டுக்குத் தனி டிக்கெட் கேட்பது தெருவரைக்கும் கேட்டது. செல்வராணி உள்ளே இடித்துக்கொண்டு போய், டிரைவருக்குப் பக்கத்தில் பின்பக்கம் பார்த்துப் போட்டிருக்கும் நீள இருக்கையில் உட்கார்ந்தாள். அம்மாவுக்கு நேர் எதிரே.

தையல்நாயகிக்குப் பின்கண்ணாடி வழியாக அந்த முதுகு தெரிந்தது. முதுகைத் தாண்டிச் செல்வராணியின் முகம் தெரிந்தது. அவள் அம்மாவின் முகத்தை அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டி நெற்றியைத் தொட்டாள். கன்னத்தைத் தொட்டாள். பிறகு தன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். பஸ் புறப்பட்டுவிட்டது.

காசாம்புவின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று தையல்நாயகிக்குத் தெரியாது.

அவள் சாலையோரத்தில் நின்றாள். சூடு இறங்கவில்லை. காதில் கை வைத்துப் பார்த்தாள், கை சுட்டது. வாயில் காவலர் பின்னாலேயே வந்து நின்றார்.

"மேடம், உங்களைத் தேடுறாங்க. புது ரெண்டு ரூபாய் வருதாம். கிணறு போடணுமாம்."

"எந்தக் கிணறு?"

"கூட்டியாந்துட்டாங்க மேடம். பின்பக்க கேட்ல நிக்குது."

"அதுல தண்ணி எடுக்கிறவங்க?"

"அவங்களும் வந்திருக்காங்க. ஊரோட வந்திருக்காங்க, குடத்தைத் தூக்கிக்கிட்டு. ரெண்டு நாள் வேலைதான்னு சொல்லி உக்கார வச்சிருக்கோம்."

தையல்நாயகி உள்ளே போனாள். அச்சு அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். இருக்கிற உளிகளையெல்லாம் வரிசையாக எடுத்து வைத்து, ஒவ்வொன்றாகத் தீட்டத் தொடங்கினாள்.